இங்கே ஓடை இருக்கிறது

அந்த இரும்பு உலையைப் பார்க்க இப்போது டிக்கெட் வாங்க வேண்டும்.

ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்து உள்ளே கூப்பிட்ட இடம். அப்போதே பலர் ஒரு வெயில் காலம் தாங்காமல் ஓடிப்போனார்கள். இப்போது காசு கொடுத்து, தலையில் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்று உள்ளே போகிறார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் பழைய கிரேன்காரர். கொட்டகை முகட்டில் கூண்டுக்குள் உட்கார்ந்து கொதிக்கிற இரும்பைத் தொட்டியோடு தூக்கிப் போனவர். இப்போது வாசலில் ஒரு கூண்டு. "கூண்டு மாறல, அண்ணி. உயரந்தான் கொறஞ்சுபோச்சு" என்பார்.

அண்ணி என்று அவர் கூப்பிடுவது மணலம்மாவை. மணலம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. உலை எரிந்த நாளில் அவள் மணல் படுக்கையில் வேலை பார்த்தாள். உலையிலிருந்து ஓடிவரும் இரும்பு கடைசியில் வந்து படுக்கிற இடம் அது. மணலை வாரி, சமன் செய்து, அச்சுக்கட்டை வைத்து அமுக்கிக் குழி எடுக்க வேண்டும். இரும்பு அந்தக் குழிகளில் இறங்கி ஆறினால் பாளம். பிறகு உலை அணைந்தது. பூட்டிக் கிடந்து, சுவரெல்லாம் செடி முளைத்தது. இடிக்கத்தான் போகிறார்கள் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, இல்லை, இதை நாலு பேர் பார்க்க வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று யாரோ பெரிய மனசு பண்ணினார்கள். அவளுக்கு அதே கொட்டகையில் பெருக்குகிற வேலை கிடைத்தது.

அந்த வேலையில் அவளுக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. துருவைத் தொடக் கூடாது. உலையின் வயிற்றில் படிந்திருக்கும் துருவின் மேல் நிறமில்லாத ஏதோ எண்ணெயைத் தூரிகையால் பூசி, அது உதிராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். வாழ்நாள் முழுக்கத் துருவை விரட்டிய கைக்கு அது பாம்புக்குப் பால் வார்க்கிற வேலையாகத் தெரிந்தது. இருந்தாலும், வெயில் சாயும்போது உலை செம்பருத்திப் பூ நிறத்தில் நிற்பதைப் பார்த்தால் அவளுக்கே ஒரு நிமிஷம் துடைப்பம் நின்றுவிடும்.

வந்தவர்களுக்கு உலையைக் காட்டிக் கதை சொல்கிறவர் அவளுடைய வீட்டுக்காரர். அவர் உலை வாய்க்காரர். களிமண் வைத்து அடைத்த உலை வாயைக் கடப்பாரையால் திறந்து இரும்பை இறக்கிவிட்டவர். குரல் கணீரென்று இருக்கும். "உங்க தெருவுல குழாய் இருக்கா? அதுல தண்ணி வருதா? அந்தத் தண்ணி போற இரும்பு மொதல்ல இந்த ஓடையில ஓடித்தான் அங்க வந்துச்சு" என்று ஆரம்பித்தார் என்றால், போனைத் தடவிக்கொண்டிருந்தவனும் தலையைத் தூக்குவான்.

ஆனால் அங்கே வேலை செய்கிறவர்கள் அவரைச் 'சுத்துவழி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

அதற்குக் காரணம் ஓடை. உலை வாயிலிருந்து மணல் படுக்கை வரைக்கும் கொட்டகைத் தரையைக் கிழித்துக்கொண்டு போன கால்வாய் அது. இரும்பு அதில்தான் ஓடும். அந்த ஓடையைத் தாண்டக் கூடாது என்பது உலைக்காரர்களின் சட்டம். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஓடுகிற இரும்பை யாரும் தாண்ட மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியும். நின்ற இரும்புதான் எமன். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டிவிடும், பார்த்தால் தரை மாதிரி இருக்கும். தரை என்று நினைத்துக் கால் வைத்தவன் ஒருவன் இருந்தான். அதற்கு மேல் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. சூடாக இருக்கும்போது மட்டும் தாண்டாமல் இருந்தால் போதாதா என்றால், போதாது. ஆறிக் கிடக்கும்போது தாண்டிப் பழகினவன் ஒரு நாள் ஆறாதபோதும் தாண்டுவான். அதனால் உலை ஓய்ந்த நாளிலும், வேலை நிறுத்தத்திலும், அவசரத்துக்கு ஒதுங்கப் போனாலும், எல்லாரும் ஓடையின் கோடியில் இருக்கும் கடைசித் தூணைச் சுற்றித்தான் அந்தப் பக்கம் போவார்கள். உலையைப் பார்க்க வந்த முதலாளியையே சுற்றித்தான் கூட்டிப் போனார்கள் என்று சொல்வார்கள்.

பார்க்க வருகிறவர்கள் தடுக்கி விழக் கூடாது என்று ஓடையை ரொப்பி, மேலே சிமெண்ட் போட்டார்கள். தரை வழவழவென்று ஒன்றாகிவிட்டது. அன்றைக்கே கிரேன்காரர் அதன் மேல் நேராக நடந்து போனார். மணலம்மாவும் துடைப்பத்தோடு குறுக்கே போனாள். சிமெண்டுக்கு என்ன சூடு?

அவர் மட்டும் போகவில்லை. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வெறும் சிமெண்ட் தரையின் ஓரத்தில் நின்று, "இங்க ஓடை இருக்கு, பாத்து வாங்க" என்பார். இருந்தது என்று சொல்ல மாட்டார். பிறகு கடைசித் தூணைச் சுற்றி நடப்பார். என்ன ஏது என்று கேட்காமல் மொத்தக் கூட்டமும் எறும்பு மாதிரி அவர் பின்னால் வளைந்து போகும். நேரே நாலு எட்டு வைத்தால் போகிற இடத்துக்கு, ஒன்றுமில்லாத தரையைச் சுற்றிக்கொண்டு படித்தவர்களும் பணக்காரர்களும் போவதைப் பார்க்க, டிக்கெட் கூண்டிலிருந்து கிரேன்காரர் எட்டி எட்டிப் பார்ப்பார்.

இது எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்தது.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் ஒரு திரை உண்டு, அது கருகிவிட்டது, அறுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொன்னபோது, "எத்தனை டிகிரியில கருகுச்சு?" என்று இவர் கேட்டார். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உலையைப் பார்க்க நீலக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள்தான். இவர் அதைப் பையிலேயே வைத்திருந்தார். "அது வழியாப் பாத்தா பொண்டாட்டியும் நீலமாத்தான் தெரிவா. இரும்போட நிறம் எப்படித் தெரியும்?"

கண் போனது வெளியே தெரிந்தால் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். வீடு கொட்டகை மதிலுக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. உலை எரிந்தபோது அந்தப் பின்சுவர் சுடும். மழைக்காலத்திலும் அதில் துணியைச் சாய்த்தால் சாப்பிட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இப்போது சுவர் குளிர்ந்து, பாசி பிடித்துக் கிடந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபடி நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு. திறக்கும் முன்பே அவள் போய்க் கொட்டகை முழுக்கப் பெருக்கிவிட்டு வருவாள். ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டித் தேநீருமாக இருவரும் உட்காருவார்கள். தேநீர் ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வார். சூடு விரலைத் தொட்டால் நிறுத்துவார். அப்போது அவள் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுவாள்.

"நாலாவது தூண்கிட்ட ஒரு பெஞ்சு போட்டிருக்காங்க."

"எந்தப் பக்கம்?"

"உங்க சாப்பாட்டுக் கைப்பக்கம். கால்ல இடிக்கும், தள்ளிப் போங்க."

"எதுக்குப் பெஞ்சு?"

"பெஞ்சு எதுக்குப் போடுவாங்க? உக்காரத்தான்."

"உலைக் கொட்டகையில உக்கார்றதா? முப்பாட்டன் காலத்துலேர்ந்து அங்க எவனாச்சும் உக்காந்திருக்கானா?"

"நீங்க அந்தப் பேச்சு பேசிப் பேசித்தான் அவங்களுக்குக் கால் வலிக்குது. அதான் பெஞ்சு."

அவர் சிரிப்பார். முட்டை ஓட்டை அவர் உரிக்கும் அழகே தனி. ஒரு பிசிறு இருக்காது. உரித்து, பெரிய பாதியை அவள் தட்டில் வைப்பார். இல்லாத கண்ணுக்கு எப்படித்தான் பெரிய பாதி தெரிகிறதோ.

"நீங்க சொல்ற கதையில ஒண்ணு சரியில்ல" என்பாள் அவள். "உலை வாயத் தொறந்தேன், இரும்பு வந்துச்சு, குழாய் ஆச்சுன்னு முடிச்சிடுறீங்க. நடுவுல மணல்னு ஒண்ணு கெடந்துச்சே."

"மணலப் பத்தி என்ன சொல்றது? மணல் மணல்தான்."

"ஆமா. இரும்பு நேரா ரயிலேறிப் போச்சு."

அந்த இடத்துக்குப் பொறுப்பாக இருந்த அம்மாவை எல்லாரும் மேடம் என்பார்கள். மகள் வயசு. காலில் பூட்ஸ், கழுத்தில் சாவிக்கொத்து, பேச்சில் அவசரம். நல்லவள்தான், செடி முளைத்த சுவரில் ஏறி நின்று தன் கையால் வேர் பிடுங்கியவள். அவள்தான் ஒரு நாள் கொட்டகைத் தரையில் மஞ்சள் கோடு போட்டாள். பார்க்கிறவர்கள் அந்தக் கோட்டின் மேல்தான் நடக்க வேண்டும். கோடு ஓடை இருந்த இடத்தின் குறுக்கே நேராகப் போனது.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? வழக்கம்போலக் கடைசித் தூணைச் சுற்றினார். ஒரு நாள், இரண்டு நாள். மேடம் மணலம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஐயா என்னைப் பிடிக்காமத்தான் இப்படிப் பண்றாரா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லம்மா. பழக்கம்."

"எனக்குப் புரியுது. ஆனா ஒரு கூட்டம் முடியறதுக்குள்ள அடுத்த கூட்டம் வாசல்ல நிக்குது. மேலேர்ந்து வர்றவங்க என்னைக் கேக்குறாங்க, கோடு போட்டிருக்கே, உங்க ஆளே அதுல நடக்கலியேன்னு. இப்படியே போனா வேற ஆளைத்தான் போடணும். அதை நான் விரும்பல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு விடியற்காலையில், யாரும் வருமுன் அவரைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள்.

"மூணாவது தூண்ல இடது கையை வைங்க. ம். இப்ப நேரா நடங்க. அவ்வளவுதான் வழி."

நடந்தார். ஓடையின் ஓரம் வந்ததும் நின்றார். கோடு தெரியாத மனுஷனுக்கு அந்த இடம் மட்டும் எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

"சிமெண்டுங்க. வெறும் சிமெண்டு. நான் தெனம் இதுமேலதான் பெருக்குறேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா வாங்களேன்."

வரவில்லை. அவள் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். குழந்தையை முதல் முதலாகத் தண்ணீரில் இறக்குகிற மாதிரி. தாண்டினார். தாண்டும்போது அவள் விரல்களை நொறுக்குகிற மாதிரி இறுக்கிக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அப்படி எதையும் பிடித்து அவள் பார்த்ததில்லை. இரும்பு தெறித்துத் தோள் வெந்தபோதும் அவள் கையைத் தேடவில்லை.

வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சரி. இனிமே நேராப் போறேன்" என்றார்.

"எனக்காகவா?"

"பின்ன, அந்தக் கோட்டுக்காகவா?"

அன்றைக்கே அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது, தங்கைக்கு முட்டியில் அறுவை. பக்கத்து ஊர்தான். போகாமல் இருக்க முடியாது. நடுவில் வார விடுமுறை வேறு, கொட்டகை பூட்டியிருக்கும். அதற்குள் அங்கே என்ன மாறிவிடப்போகிறது என்று, ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்து, அடுப்புப் பக்கம் எது எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். தங்கை வீட்டில் உட்கார்ந்தால் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "உன் வீட்டுக்காரர் என்ன பச்சைக் குழந்தையா?" என்றாள் தங்கை. "குழந்தைன்னா பரவால்லடி. இடுப்புல தூக்கிக்கலாம்."

விடுமுறை முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பியும், வழியில் மழை பிடித்துக்கொண்டது. வாசலுக்கு வரும்போது முதல் கூட்டம் உள்ளே போயிருந்தது. கிரேன்காரர் கூண்டுக்குள் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, சீக்கிரம் உள்ள போங்க. அண்ணன் மூஞ்சியப் பாக்கணும் இன்னிக்கு."

"ஏன், என்னாச்சு?"

"சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"நான் யாரு, வெளியாளா? சொல்லுங்க."

"ஓடையத் தொறந்துட்டாங்க அண்ணி. வர்றவங்கெல்லாம், அவர் சொல்ற ஓடை எங்க, ஓடை எங்கன்னு கேட்டுக் கேட்டு, மேடத்துக்கே ஆசை வந்துடுச்சு. லீவுல ஆள விட்டு சிமெண்டெல்லாம் ஒடச்சு, உள்ள ரொப்புன மண்ணையும் வாரி எடுத்தாச்சு. பழைய ஓடை அப்படியே இருக்கு, ஆளு எறங்கி நிக்கலாம். மேல ஒரு பாலம் வருதாம், இன்னும் போடல. அண்ணனுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு யாரும் மூச்சு விடல. நானே எவ்வளவு கஷ்டப்பட்டு வாய அடக்கிக்கிட்டு..."

அவள் கையில் இருந்த பை அங்கேயே விழுந்தது.

மூன்றாவது தூணில் இடது கையை வையுங்கள். நேராக நடங்கள். அவள் சொன்ன வழி. அவள் இழுத்துப் பழக்கிய வழி. வாக்குக் கொடுத்தால் மாறாத மனுஷன்.

மழைக்கு நனைந்த முற்றத்தில் செருப்பு வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். கொட்டகை வாசலில் வந்து நின்றபோது உள்ளே இருட்டாகத் தெரிந்தது. பிறகு மஞ்சள் தொப்பிகள் தெரிந்தன. கூட்டத்துக்கு முன்னால் அவர். கூட்டத்துக்குப் பின்னால், சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடம். அவர் மூன்றாவது தூணை விட்டுக் கிளம்பியிருந்தார். அவருக்கு முன்னால், ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும் கட்டிய பள்ளம், உலை வாயிலிருந்து கறுப்பாக வாயைத் திறந்துகொண்டு வந்தது.

கத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதோடு முடிந்தது, அவர் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். கத்தாவிட்டால்? இதை அவள் யோசித்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தொண்டை யோசிக்கவில்லை.

"ஏங்க! ஓடை!"

கொட்டகை முழுக்க அந்தக் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. தொப்பிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

அவரும் திரும்பினார். அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். அவர் பள்ளத்தை நோக்கிப் போகவே இல்லை. ரிப்பனுக்கு நாலு எட்டு முன்னாலேயே கால் வளைந்து, கடைசித் தூணின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கூட்டமும் எறும்பாக வளைந்திருந்தது.

"ஓடை இருக்கிறது எனக்குத் தெரியாதா?" என்றார் அவர், சலிப்போடு. "வருஷக்கணக்கா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. அதோடு போயிருக்கும். ஆனால் மேடத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன ஐயா, ஒண்ணுமே சொல்லலியே? எப்படி இருக்கு?"

"எது?" என்றார் அவர்.

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளுடைய குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மேடம் பள்ளத்தைப் பார்த்தாள். மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். வாசலில் செருப்பில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மணலம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவர் மூக்கை உறிஞ்சினார். கருகிய களிமண்ணின் வாசனை. சிமெண்டுக்கு அந்த வாசனை கிடையாது. மெல்லக் குந்தி உட்கார்ந்து, தரையைத் தடவிக்கொண்டே கையை நகர்த்தினார். ரிப்பனுக்கு அடியில் கை போனது. விளிம்பு தட்டுப்பட்டது. விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. உள்பக்கச் சுவரில் கை நின்றது. மேலும் கீழும் தடவினார். ஒரு இடத்தில் கட்டை விரல் ஏதோ ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"தொறந்துட்டீங்களா?" என்றார்.

"ஆமா ஐயா" என்றாள் மேடம்.

"எங்க ஓடைதான். ஒவ்வொரு தடவ இரும்பு போனப்புறமும் களிமண்ண அப்பி, கட்ட வெரலால இப்படி அழுத்திவிடுவோம். அந்தப் பள்ளம் அப்படியே இருக்கு." கையை எடுக்காமலே தலையைத் தூக்கிக் கூட்டத்தின் பக்கம் பேசினார். கதை சொல்கிற அதே கணீர்க் குரல். "எனக்குக் கண்ணு தெரியாதுங்க. இவங்களுக்கும் இப்பத்தான் தெரியுது. இந்த உலையப் பாத்துப் பாத்துத்தான் போச்சு. நான் பாத்த வெளிச்சத்த இனிமே யாரும் பாக்கப் போறதில்ல. அதனால எனக்கு நஷ்டம்னு நான் நெனைக்கல."

கூட்டத்தில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று தெரியாத மாதிரி மறுபடி மாட்டிக்கொண்டார்.

மணலம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "நேராப் போறேன்னு எனக்கு வாக்குக் குடுத்தீங்களே" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அழுகையா கோபமா என்று தெரியாத குரல்.

"நாந்தான் குடுத்தேன். கால் யாருக்கும் வாக்குக் குடுக்கல."

"இன்னும் சுத்தித்தான் போறேன்னு சொல்லியிருந்தா நான் இப்படிக் கத்தி மானத்த வாங்கியிருக்க மாட்டேன்ல?"

"நீ கத்துனது நல்லாத்தான் இருந்துச்சு. ரொம்ப நாளாச்சு, இங்க யாரும் அப்படிக் கத்தி."

மேடம் அவர் பக்கத்தில் குந்தினாள். "ஐயா, நான் கோபத்துல சொல்லல. பள்ளம் தொறந்திருக்கு, உலை மேல ஏற இரும்புப் படி இருக்கு, பின்னால இத்தனை பேர் வர்றாங்க. நீங்க விழலன்னாலும் உங்களை நம்பி வர்ற ஒருத்தர் விழலாம், அது உங்களுக்குத் தெரியாமலே போயிடும். தனியா உங்களை விட மாட்டேன். என்னால முடியாது."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அவருக்கும் தெரியும். ஓடையைத் தாண்டக் கூடாது என்கிற மாதிரிதான் அதுவும். கட்டை விரலை அந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். மணலம்மாவுக்கு அந்தப் பாசி பிடித்த சுவர் கண் முன்னால் வந்தது.

"தனியா விடாதீங்க" என்றாள். "யாரு விடச் சொன்னா? நான் முன்னால போறேன்."

"நீங்களா? உங்களுக்குப் பெருக்குற வேலை..."

"அத எப்பவும்போல விடிகாலையில முடிச்சிடுறேன். இந்தக் கொட்டகையில எந்த ஆணி எங்க கெடக்குன்னு என்னைவிட யாருக்கும்மா தெரியும்? இவ்வளவு நாளும் யார் கண்ணால நடந்தாருன்னு நெனைக்கிறீங்க?"

மேடம் அவளையே பார்த்தாள். அதற்குள் கூட்டத்தில் ஒரு பெண் பொறுமை இழந்து, "இப்ப அந்தப் பக்கம் எப்படிங்க போறது?" என்று கேட்டாள்.

"சுத்தித்தான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

மணலம்மா அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவள் மேல் கை வைத்ததில்லை. முதலில் இறகு மாதிரி வைத்தார். கடைசித் தூண் வருவதற்குள் கை தன் கனத்தோடு உட்கார்ந்துவிட்டது. பின்னால் மஞ்சள் தொப்பிகள். எல்லாருக்கும் கடைசியில் மேடம்.

அந்தப் பக்கம் போனதும் அவர் வழக்கம்போல மணல் படுக்கையைக் கடந்து போகப் பார்த்தார். தோள் நின்றது. அதனால் அவரும் நிற்க வேண்டியதாயிற்று.

"இங்க கொஞ்சம் நில்லுங்க" என்றாள் மணலம்மா கூட்டத்தைப் பார்த்து. தண்ணீர்க் குழாயடியில் சண்டைக்கு நிற்கிற குரல்தான் முதலில் வந்தது. பிறகு அது தணிந்தது. "இரும்பு இங்கதான் வந்து படுக்கும். அதுக்குப் படுக்கை போட்டது நாங்க, பொம்பளைங்க. இந்த மணலக் கையில பிடிச்சா பிடி நிக்கணும், தட்டுனா உதிரணும். ஈரம் கொஞ்சம் கூடிச்சோ, இரும்பு துப்பிடும். பட்ட எடத்துல துணியும் தோலும் ஒண்ணாப் போயிடும். அளவு பாக்க எங்ககிட்ட ஒண்ணும் கெடையாது. ஒரு பிடி எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாப்போம். குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும். உலை வாய் தொறக்கிறதுக்கு முன்னால ஓடைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இவரு, மணல் சரியான்னு கேப்பாரு. சரின்னு நான் சொன்னாத்தான் கடப்பாரை உலையத் தொடும். நான் சொல்லாம ஒரு நாளும் தொட்டதில்ல."

குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, முன்னால் நின்ற பெண்ணின் கையில் வைத்தாள். அந்தப் பெண் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் வேண்டியிருந்தது. பெரியவர் தொப்பியை மறுபடி கழற்றிவிட்டு இரண்டு கன்னத்திலும் வைத்துப் பார்த்தார்.

"கன்னத்துல வச்சுப் பாத்தது எனக்குத் தெரியாதே" என்றார் அவர். "நீ சொன்னதேயில்லியே."

"நீங்க உலையத்தான பாத்துக்கிட்டிருந்தீங்க."

அதற்கப்புறம் கூட்டம் முடிய முன்னைவிட நேரமானது. வாசலில் அடுத்த கூட்டம் நின்று முணுமுணுத்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். சாயந்திரம் ஒரு மஞ்சள் தொப்பியைக் கொண்டுவந்து மணலம்மாவின் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் வேலை உத்தரவு. கிரேன்காரர் கூண்டை விட்டு வெளியே வந்து, "இனிமே அண்ணிக்கும் பேரு மாத்தணும்" என்றார். "மாத்துங்க, மொதல்ல என் பையை எங்க வச்சீங்க, அதச் சொல்லுங்க" என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஓடையின் மேல் பாலம் வந்தது. நல்ல பாலம், இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் தடித்த கண்ணாடி, குனிந்தால் ஓடை தெரியும். மஞ்சள் கோடு அதில் ஏறி இறங்கிப் போனது. செலவு நிறைய ஆகியிருக்கும். கிரேன்காரர் நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்து, ஆடவில்லை என்று சான்று கொடுத்தார்.

மணலம்மா தினமும் விடியற்காலையில் பெருக்குவாள். இரண்டு பேரும் முன்னால் போவார்கள். அவர் கை அவள் தோளில். ஓடை ஓரத்தில் நின்று, "இங்க ஓடை இருக்கு, பாத்து வாங்க" என்பார். கூட்டம் பாலத்தைப் பார்க்கும், அவர்களைப் பார்க்கும், பிறகு கடைசித் தூணைச் சுற்றிப் போகும். கண்ணாடியில் எண்ணெய்த் தூசு படிந்தது. அதில் அவள் துடைப்பக் கோடு தவிர வேறு தடம் விழவில்லை.

ஒரு நாள் காலை, கூட்டம் வருமுன் இருவரும் உலை வாயருகில் நின்றிருந்தார்கள். மேடம் காதில் போனை வைத்துக்கொண்டு யாரையோ திட்டியபடி அவசரமாக வந்தாள். அந்தப் பக்கம் போக வேண்டும். நேராகப் பாலத்துக்கு வந்தாள். பூட்ஸ் கால் ஒன்று முதல் படியில் ஏறியது. நின்றது. போனில் பேச்சு நிற்கவில்லை. கால் மட்டும் நின்றது. பிறகு அந்தக் கால் இறங்கியது. திட்டிக்கொண்டே, கடைசித் தூணைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போனாள்.

மணலம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"கேட்டுச்சா?" என்றாள் அவள்.

"பூட்ஸ் சத்தம் சுத்திப் போச்சு" என்றார். "அந்தம்மா வந்து எத்தனையோ காலமாச்சு. இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கு."